ரசீது

எழுத்தர் கூப்பிட்டார்: முத்தஈ.
அது நான்.
பிறகு, முத்தஆ அலைஹா.
அது என் ராத்தா.

திரையில் இரண்டு சதுரங்கள்.
நான் ஷார்ஜாவில், ஆறு பேர் படுக்கும் அறையில்,
இரண்டடுக்குக் கட்டிலின் கம்பியில்
போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு.
கூட இருப்பவர்கள் மரியாதையாக வெளியே போயிருந்தார்கள்;
கதவுக்கு அப்பால் ஒரு செருப்பும் நகரவில்லை.
அவள் அஜ்மானில்,
எந்த வீட்டுக்காக வழக்கோ அந்த வீட்டின் அடுக்களையில்.
பின்னால், நான் திருகிக் கொடுத்த அலமாரிக் கைப்பிடி
இன்னும் கோணலாக.

எதிர்த்தரப்பு உங்களுக்கு என்ன உறவு?
ராத்தா என்றேன்.
மலப்புறத்து மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கி
உக்த் என்றார்.
அந்த ஒரு சொல்லில்
அவள் எனக்கு மூத்த நாலு வருஷமும் உதிர்ந்தது.
நான் திருத்தவில்லை.

முன்பு ஒருமுறை சமரசத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.
உங்களுக்குள் பேசித் தீருங்கள் என்று
அதிகாரி பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தினார்.
ஆளுக்கு ஒன்று எடுத்தோம்.
கொட்டையை எங்கே போடுவதென்று தெரியாமல்
கடைசிவரை கையிலேயே வைத்திருந்தேன்.
அவளும்.

எங்கள் காயலில் வீடு பெண்மக்களுக்கு.
ஆணுக்குக் கல்யாணம்வரை உம்மா வீடு,
அதற்குப் பிறகு பெண்டாட்டி வீடு.
பெண்டாட்டி மவுத்தான பின்
மகள் வீட்டில் விருந்தாளி.
போன விடுப்பில் பதினாறு நாள்
எப்போது பசியாறக் கூப்பிடுவார்கள் என்று
மருமகன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.
ராத்தாவுக்கு ஊரில் மாடி வைத்த வீடு,
பூட்டிக் கிடக்கிறது.
மகன் படிப்பு முடியட்டும் என்றாள்.
மூன்று வருஷமாக அதையே சொன்னாள்.
இதையெல்லாம் மனுவில் எழுத இடமில்லை.
வக்கீல் சொன்னார்:
பத்திரம் உங்கள் பேரில். போதும்.

போதும்தான்.
பத்திரம் எழுதிய மாதம்
அவளுக்கு விசா மாறிக்கொண்டிருந்தது.
உன் பேரிலேயே எழுதிடு, பிறகு பார்ப்போம் என்று
நாற்பத்தேழாயிரம் திர்ஹம்
நிடோ டின்னில் கொண்டுவந்தாள்.
நோட்டுகளில் பால்மாவு.
காசாளர் ஊதி ஊதி எண்ணினான்.

நீதிபதி கேட்டார்:
இவர் பணம் தந்ததற்கு ரசீது உண்டா?
இல்லை என்றேன்.
அது பொய்யில்லை.
எத்தனையோ ராத்திரி திருப்பிப் பார்த்துவிட்டேன்,
அது பொய்யில்லை.
அவள் சதுரத்தில் ஒலி அணைந்திருந்தது.
மொகுதூம் என்று கூப்பிட
வாய் மூன்று தரம் அசைய வேண்டும்.
ஒரு தரம்தான் அசைந்தது.

தீர்ப்பு: முப்பது நாளில் காலி.
இருபத்தாறாம் நாளே
சாவியை ஒரு தாளில் சுற்றிக்
காவலாளி ஷம்சுலிடம் கொடுத்துப் போயிருந்தாள்.
தாளை விரித்து
இரண்டு பக்கமும் பார்த்தேன்.
வெறும் தாள்.

ஆகஸ்ட். அசர் நேரம்.
எட்டாம் மாடிக் கதவைத் திறந்து சுவிட்சைத் தட்டினேன்.
இன்னொன்றைத் தட்டினேன்.
கரண்ட் கணக்கு அவள் பேரில்.
பதினோரு வருஷம் அவள்தான் கட்டியிருக்கிறாள்.
என்னுடையது என்று நான் நிரூபித்த வீட்டில்
குளிர் முழுக்க அவளுடையதாக இருந்திருக்கிறது.

சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.
டைல்ஸும் சுட்டது.
வக்கீலுக்குப் போன் போட்டால் சிரித்தார்:
இதுக்கு வழக்கு வேண்டாம் பாய்,
புதுசா டெபாசிட் கட்டுங்க, இரண்டாயிரம்.

வைத்ததும் போன் அதிர்ந்தது.
வங்கியிலிருந்து.
உம்மு ஹபீபா, ஆயிரம் திர்ஹம்.
காரணம் எழுதும் கட்டத்தில்:
கரண்ட் டெபாசிட், அன்னைக்கு நீ போட்ட பாதி.

நான் மறந்தே போயிருந்தேன்.
அதற்கும் ரசீது இருந்ததில்லை.